பறம்பு மலையும் சிறுகுளமும்

நுழையுமுன்

மலை அசையாதது, அழியாதது, தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லது. இவ்வாறே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியானதா? காடு சூழ்ந்த ஒரு கருங்கல் மலையைப் பற்றிச் சங்கப் புலவர் கபிலர் பாடியவற்றைத் துணையாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்போம்.

1. நம் ஊர்ப் பாறைகள்

பாலாநகரில் வாழும் நமக்குப் பாறைகள் புதியன அல்ல. ஐதராபாத்து நகரின் எத்திசையில் சென்றாலும், யாரோ அடுக்கி வைத்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகளைக் காணலாம். இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. நிலத்தின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் இக்கருங்கல் உருவாயிற்று. அதன் மேலிருந்த நிலப்பகுதி நெடுங்காலம் தேய்ந்து அகன்றபோது, உள்ளிருந்த பாறை வெளிப்பட்டது. அழுத்தம் நீங்கியதால் அதில் வெடிப்புகள் தோன்றின. வெடிப்புகளில் மழைநீர் புகுந்தது. பாறையின் முகப்பைவிட மூலைகள் விரைவில் சிதைந்தன. அதனால் சதுரமாக இருந்த பாறைகள் உருண்டை வடிவம் பெற்றன.

இப்பாறைக் குன்றுகளில் சிலவற்றுக்குக் கதைகளும் உண்டு. கோல்கொண்டா என்னும் பெயரில் உள்ள 'கொல்ல' என்னும் தெலுங்குச் சொல் இடையரையும், 'கொண்ட' என்னும் சொல் மலையையும் குறிக்கும். ஆடு மேய்த்த இடையர் ஒருவர் அக்குன்றின்மேல் ஒரு தெய்வத் திருவுருவைக் கண்டார் என்றும், அதன் பின்னரே காகதிய மன்னர் அங்கு மண்கோட்டை எழுப்பினர் என்றும் மக்கள் கூறுவர். நகரின் வடகிழக்கில் உள்ள மௌலா அலி குன்றுக்கும் ஒரு கதை உண்டு. குதுப்சாகி அரசவையில் பணிபுரிந்த யாகூத் என்பவர் 1578 ஆம் ஆண்டில் நோயுற்றிருந்தபோது ஒரு கனவு கண்டார். அலி பெருமான் குன்றின்மேல் அமர்ந்து, பாறையின் மீது கை ஊன்றியிருக்கக் கண்டார். விழித்தபின் குன்றேறிச் சென்றவர், பாறையில் கைத்தடம் பதிந்திருப்பதைக் கண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்குன்றின் அடிவாரத்திலேயே மாஹ் லகா பாயி என்னும் உருதுப் பெண்பாற் புலவரின் கல்லறையும் உள்ளது.

குன்று உள்ள இடத்தில் கதையும் இருக்கும். சில இடங்களில் புலவரும் இருப்பார். தமிழ்நாட்டில் இம்மூன்றும் சேர்ந்து விளங்கும் மலை ஒன்று உண்டு. அதுவே பறம்பு மலை.

2. பறம்பு எங்கே உள்ளது?

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி வட்டத்தில் உள்ள பிரான்மலையே பண்டைய பறம்பு மலை என்று அறிஞர் பலரும் அவ்வூர் மக்களும் கொள்வர். சுற்றிலும் வயல்களும் ஏரிகளும் பரந்த சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் உயர்ந்து அம்மலை நிற்கிறது. அதன் சரிவுகளில் காடு படர்ந்துள்ளது. காட்டின் நடுவே கரும்பாறைகள் தலைநீட்டுகின்றன.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் இம்மலையைத் 'திருக்கொடுங்குன்றம்' என்னும் பெயரால் பாடியுள்ளார். இங்குள்ள சிவன்கோவில் அடிவாரம், நடு, மேல் என மூன்று நிலைகளில் அமைந்துள்ளது. அவற்றை முறையே பாதாளம், பூமி, கைலாயம் என்று வழங்குவர். மலையுச்சியில் இசுலாமியப் பெரியார் ஒருவரின் அடக்கத்தலம் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகக் குழுவினரின் கல்வெட்டு ஒன்றும் இங்கு உண்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் புகழ்பெற்ற வணிகர், தாம் கொண்டு செல்லும் சரக்குகளின்மீது ஒரு சிறு தொகையைக் கோவிலுக்கு அளிக்க இசைந்த செய்தியை அது கூறுகிறது. உப்பு, மிளகு, பாக்கு, இரும்பு, பருத்தி முதலியவை இவ்வழியே சென்றன என்பதனை அதனால் அறிகிறோம்.

3. உழாமல் விளைந்த நான்கு

சங்க காலத்தில் பறம்பு நாட்டை ஆண்டவர் வேள் பாரி. அவர் கடையெழு வள்ளல்களுள் ஒருவர். அவருடைய நாட்டில் முந்நூறு ஊர்கள் இருந்தன. அவருடைய உயிர் நண்பரே கபிலர். புறநானூற்றின் 105 முதல் 120 வரையுள்ள பாடல்கள் பாரியையும் பறம்பையும் பற்றி அமைந்தவை. அவற்றுள் 112 ஆம் பாடலைப் பாரியின் மகளிர் பாடினர். மற்றவற்றைக் கபிலர் பாடினார்.

உழவர் உழாமலே விளையும் நான்கு உணவுகள் பறம்பில் உண்டு என்கிறார் கபிலர். மூங்கிலில் விளையும் நெல் ஒன்று, பலாப்பழம் மற்றொன்று, வள்ளிக்கிழங்கு மூன்றாவது, தேன் நான்காவது. அம்மலையின் பரப்பை வானத்துக்கும், அதில் உள்ள சுனைகளை விண்மீன்களுக்கும் அவர் ஒப்பிடுகிறார்.

இதனை வெறும் புகழ்ச்சி என்று நாம் கடந்துவிடலாகாது. மூங்கில் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறையே பூத்து நெல் தரும். பலா நெடுங்காலம் வளர்ந்து காய்க்கும் மரம். பூக்கும் மரஞ்செடிகள் மிகுதியாக இருந்தால்தான் தேன் கிடைக்கும். நிழலும் ஈரமண்ணும் இருந்தால்தான் காட்டுவள்ளி கிழங்கு வைக்கும். ஆகவே, இந்நான்கும் ஒரு மலையில் கிடைக்கின்றன என்றால், அங்குள்ள காடு நெடுங்காலமாக வெட்டப்படாமல் காக்கப்பட்டது என்பதே பொருள். உழவில்லாமல் விளைந்தது உண்மை; காவல் இல்லாமல் விளையவில்லை.

சுனைகளும் அவ்வாறே. கருங்கல் நீரை உறிஞ்சாது. வெறும் பாறைமேல் பெய்த மழை விரைந்து ஓடிவிடும். மரவேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் மட்டுமே நீர் தங்கி, வெடிப்புகளில் மெல்ல இறங்கி, கீழே ஊற்றாகக் கசியும். காடு அழிந்தால் சுனையும் வற்றும்.

4. முல்லையும் தேரும்

பாரியைப் பற்றிய கதைகளுள் பலரும் அறிந்தது முல்லைக்குத் தேர் ஈந்த கதை. காட்டுவழியில் சென்ற பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாமல் தளர்ந்த முல்லைக்கொடி ஒன்றைக் கண்டார். தாம் ஏறிவந்த தேரை அதன் அருகில் நிறுத்திவிட்டு நடந்து சென்றார்.

ஒரு கொம்பை நட்டால் போதுமே, தேர் எதற்கு என்று கேட்பவர் உண்டு. முல்லை அவரிடம் வாய்திறந்து எதனையும் கேட்கவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்க வல்லவர்க்குக் கொடுப்பது எளிது. கேட்க இயலாத கொடிக்கும் ஒரு தேவை உண்டு என்று உணர்வது அரிது. மக்கள் மட்டுமன்றி மலையும் கொடியும் தம் ஆட்சிக்குள் அடங்கிய குடிகளே என்று பாரி கருதினார். இக்கதை ஈராயிரம் ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுவே.

5. முற்றுகை

பாரியின் புகழைப் பொறாத மூவேந்தரும் ஒன்றுசேர்ந்து பறம்பை முற்றுகையிட்டனர். மலையின் ஒவ்வொரு மரத்திலும் யானைகளைக் கட்டினாலும், இடமெல்லாம் தேர்களை நிறுத்தினாலும், வாளால் இம்மலையைப் பெற இயலாது என்று கபிலர் அவர்களிடம் கூறினார். பாணராகவும் விறலியராகவும் வேடம் பூண்டு, யாழிசைத்து ஆடிப் பாடி வந்தால், பாரி நாட்டையும் மலையையும் சேர்த்தே தந்துவிடுவார் என்றும் கூறினார். முந்நூறு ஊர்களும் ஏற்கெனவே பரிசிலருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

முற்றுகை நீண்டபோது கபிலர் கிளிகளைப் பழக்கினார் என்றும், அவை வெளியே பறந்து சென்று நெற்கதிர்களைக் கொண்டுவந்தன என்றும் ஒரு செய்தி உண்டு. சங்கப் பாடல்களிலேயே இதற்குக் குறிப்பு காணப்படுகிறது. ஆயினும் முடிவில் பாரி மாண்டார். போரால் வெல்ல இயலாத வேந்தர் வஞ்சனையால் அவரைக் கொன்றனர் என்பது உரைமரபு.

ஒரு திங்களுக்கு முன் வீசிய நிலவொளியையும், அன்று வீசிய நிலவொளியையும் ஒப்பிட்டுப் பாரியின் மகளிர் பாடினர். முன்னர்த் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. ஐந்தே அடிகள் கொண்ட அப்பாடலில் தந்தையின் இழப்பும் மலையின் இழப்பும் ஒரே துயராக நிற்கின்றன. மகளிரின் இயற்பெயரைச் சங்கப் பாடல்கள் கூறவில்லை. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால மரபில் வந்தவை.

6. உடைந்த சிறுகுளம்

பாரி மறைந்தபின் பறம்பு என்னவாயிற்று? மலை இடம்பெயரவில்லை. மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் வெளியேறியபோது, நெடுந்தொலைவு சென்ற பின்னரும் அது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கபிலர் அதனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். முன்பு மலைமேல் நின்று பகைவரின் குதிரைகளை எண்ணிய மகளிர், பின்னர்ச் சிறுகுடில் ஒன்றின் அருகே மேட்டில் ஏறி, உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணி நின்றதையும் அவர் பாடியுள்ளார்.

அவர் மற்றொரு காட்சியையும் கண்டார். புறநானூற்றின் 118 ஆம் பாடல் அதனைக் கூறுகிறது. பாறையும் சிறுகுன்றும் சேருமிடத்தில், எட்டாம் நாள் திங்களைப் போல வளைந்த கரையுடன் ஒரு தெளிந்த நீர்க்குளம் இருந்தது. அக்குளம் உடைந்துகொண்டிருந்தது.

இக்குளம் அமைந்த இடத்தைக் கவனியுங்கள். இரு பாறைகளுக்கு இடையே கரை எழுப்பினால் நீளம் குறைவாகவே தேவைப்படும். பாறைச் சரிவுகளில் வழிந்து வரும் நீர் முழுவதும் அங்கு வந்து சேரும். மலையடியில் வாழ்ந்தவர்களின் நுண்ணறிவு அதில் விளங்குகிறது. ஆனால் மண்கரை தானாக நிலைத்திராது. ஆண்டுதோறும் அதனை உயர்த்த வேண்டும். எலிவளைகளை அடைக்க வேண்டும். வண்டலை அகற்ற வேண்டும். வரத்துக்காலைச் செப்பனிட வேண்டும். மிகுந்த நீர் வெளியேறும் கலிங்கைச் சீராக வைத்திருக்க வேண்டும். பிற்காலத்தில் ஊர்மக்கள் ஒன்றுகூடிச் செய்த இத்தகைய பணியைக் குடிமராமத்து என்று வழங்கினர்.

வேந்தர் மலையைக் கைப்பற்றினர். குளத்தைக் காப்பவர் இல்லை. ஆகவே கரை உடைந்தது. பாறை இருந்தது, மலை இருந்தது, மலையை மக்கள் வாழும் இடமாக்கிய சிறுகுளம் இல்லாமற்போயிற்று. பறம்பின் வீழ்ச்சியைக் காட்டக் கபிலர் இடிந்த கோட்டையைத் தேடவில்லை. உடைந்த குளக்கரை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

7. கபிலக்கல்

தம் நண்பரின் மகளிருக்கு மணம் முடிக்கக் கபிலர் விச்சிக்கோன், இருங்கோவேள் ஆகியோரை நாடினார். அவர்கள் இசையவில்லை. பின்னர் அவர் என்ன ஆனார் என்பதற்கு இருவகைச் செய்திகள் உள்ளன. பாரியைப் பிரிந்த துயரால் அவர் வடக்கிருந்து உயிர் துறந்தார் என்பது புறநானூற்று வழி வரும் செய்தி. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோவிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாரியின் மகளை மலையமானுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்று அது கூறுகிறது. அவர் தீப்புகுந்த இடம் கபிலக்கல் எனப்படுகிறது. தென்பெண்ணை ஆற்றில், உச்சியில் சிறு கோவிலோடு நிற்கும் ஒரு பெரும்பாறையை மக்கள் இன்றும் கபிலர் குன்று என்று காட்டுகின்றனர்.

பறம்பை முற்றுகையிட்ட வேந்தர்களின் இயற்பெயர்களைக் கபிலர் பாடல்கள் தரவில்லை. தோற்றவரின் பெயரோ ஒரு மலையோடு இணைந்து நிற்கிறது. அவருடைய நண்பரின் பெயர் ஒரு பாறையோடு இணைந்து நிற்கிறது.

8. மீண்டும் நம் ஊரில்

நம் நகரின் பாறைகளும் பறம்பைப் போன்றே நீரோடு தொடர்புடையவை. பாறைச் சரிவுகளில் வழிந்த மழைநீரைத் தேக்கவே தக்காண மக்கள் பள்ளமான இடங்களில் கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். தெலுங்கில் பெரியவற்றைச் 'செருவு' என்றும், சிறியவற்றைக் 'குண்ட்ட' என்றும் அழைப்பர். இன்று கட்டடங்களுக்காகவும் சாலைகளுக்காகவும் பாறைகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. 250 கோடி ஆண்டுகள் நின்ற பாறையைத் தகர்க்கச் சில நாள்கள் போதும். ஒருமுறை தகர்ந்த பாறையை மீண்டும் உருவாக்க எவராலும் இயலாது. இதனை உணர்ந்தோர் 1996 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பாறைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினர். சூபிலி இல்சு பகுதியில் பாறையும் காடும் சேர்ந்த நிலம் ஒன்று 1998 ஆம் ஆண்டில் காசு பிரம்மானந்த ரெட்டி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே மயில்கள் உலவும் இடமாக அது இன்றும் விளங்குகிறது.

கல் தேவையில்லை என்று எவரும் கூற இயலாது. நாம் வாழும் வீடும் பயிலும் பள்ளியும் கல்லும் மணலும் கொண்டு கட்டப்பட்டவையே. எந்தப் பாறையை எடுக்கலாம், எந்தப் பாறையின் கீழ் ஓர் ஏரி உயிர்வாழ்கிறது என்று அறிந்து முடிவு செய்வதே அறிவுடைமை. அதனை அறிவதற்கு முதலில் அப்பாறையின் பெயரும், அதன் கதையும், அதிலிருந்து நீர் ஓடும் வழியும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பறம்பின் சிறுகுளம் உடைவதைக் கண்டவர் பலராக இருந்திருக்கலாம். அதனைப் பதிவு செய்தவர் ஒருவரே. அதனால்தான் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும், பாலாநகரில் அமர்ந்து நாம் அக்குளத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

சொல்லும் பொருளும்

சுனை – மலைப்பாறையில் நீர் ஊறும் இடம்
கொழுகொம்பு – கொடி பற்றிப் படரும் கொம்பு
பரிசிலர் – பரிசு பெற வருவோர்
விறலி – ஆடிப் பாடும் கலைமகள்
கலிங்கு – ஏரியில் மிகுந்த நீர் வெளியேறும் வழி
வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்
வடக்கிருத்தல் – வடதிசை நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் துறத்தல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சதுரமான பாறைகள் உருண்டை வடிவம் பெறுவது எவ்வாறு?
2. பறம்பில் உழாமல் விளைந்த நான்கு உணவுகள் யாவை?
3. வணிகர் கல்வெட்டால் நாம் அறியும் செய்தி யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. 'உழவில்லாமல் விளைந்தது உண்மை. காவல் இல்லாமல் விளையவில்லை' – விளக்குக.
2. பறம்பின் வீழ்ச்சியைக் காட்டக் கபிலர் சிறுகுளத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் யாதாக இருக்கலாம்?

இ. சிந்தித்து எழுதுக.
முல்லைக்குத் தேர் ஈந்த செயலைச் சிலர் அறியாமை என்பர். நீங்கள் உடன்படுகிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. கண்டு எழுதுக.
மழை பெய்து ஓய்ந்தபின், பெரியவர் ஒருவர் துணையோடு உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள பாறைமேட்டையோ ஏரிக்கரையையோ பாருங்கள். நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பதை ஒரு படமாக வரையுங்கள். அவ்விடத்தின் பழைய பெயரையும், அதைப் பற்றிய கதை ஏதேனும் உண்டா என்பதையும் அங்கு நெடுநாள் வாழும் முதியவரிடம் கேட்டு, பத்துத் தொடர்களில் எழுதுங்கள்.